ஓரெழுத்துத் திரிபும் உலகக் கொள்ளைநோயும்

பறவைக் காய்ச்சல் பற்றி ஆற்றிய அறிவியற் பொழிவின் எழுத்துவடிவம்



மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசுகின்ற இம்மேடையில், கோழிக்கு வரும் நோயைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று உங்களுள் சிலர் வியக்கக் கூடும். வியப்பு வேண்டுவதில்லை. தமிழில் அறிவியலைச் சொல்ல இயலாது என்பாரை நோக்கி, இயலும் என்று முழங்கினால் மட்டும் போதாது. சொல்லிக் காட்டல் வேண்டும். அதனினும் பெரிய கரணியம் ஒன்றுண்டு. பறவைகளைத் தாக்கும் நச்சுயிரி மாந்தரிடையே பரவும் நச்சுயிரியாகத் திரியுமாயின், அத்திரிபு முதலில் நிகழக்கூடிய இடங்களுள் ஒன்று, கோழிக்கூண்டுக்கு அருகில் நிற்கின்ற ஓர் உழைப்பாளியின் மூச்சுக்குழல். அவ்வுழைப்பாளிக்கு விளங்காத மொழியில் அந்நோயைப் பற்றிய அறிவு பூட்டிக் கிடக்குமானால், அஃது இருந்தும் இல்லாததே. இன்றைய என் பேச்சின் பிழிவு இதுதான்.

நச்சுயிரி எழுதும் சுவடி

வைரசு என்று செய்தித்தாள்கள் எழுதுவதைத்தான் நாம் நச்சுயிரி என்கின்றோம். அது தானே உண்ணாது. தானே இனம் பெருக்காது. மற்றோர் உயிரின் உயிரணுவுக்குள் புகுந்து, அவ்வுயிரணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக் கொள்ளும். பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்புளுயன்சா என்னும் நச்சுயிரியின் 'ஏ' வகை. அதன் மேற்புறத்தில் இருவகைப் புரதங்கள் முட்களைப் போல் நீண்டு நிற்கின்றன. ஒன்று, உயிரணுவின் மேல் ஒட்டிக் கொள்வது. அதனை ஒட்டுப்புரதம் என்போம். மற்றொன்று, பெருகி முடிந்த நச்சுயிரிகள் வெளியேறும்போது அவ்வொட்டினை அறுத்து விடுவது. அதனை அறுப்புப்புரதம் என்போம். உலக வழக்கில் முன்னதற்கு 'எச்' என்றும் பின்னதற்கு 'என்' என்றும் குறியெழுத்து இட்டுள்ளனர். எச்5என்1 என்றால் ஐந்தாம் வகை ஒட்டுப்புரதமும் முதல்வகை அறுப்புப்புரதமும் உடையது என்பதே பொருள். அவ்வளவுதான். பெயரைக் கேட்டு மருள வேண்டுவதில்லை.

இந்நச்சுயிரியின் மரபுச் செய்தி முழுவதும் எட்டுத் தனித்தனி இழைகளில் எழுதப்பட்டுள்ளது. எட்டு ஓலைகள் கொண்ட ஒரு சிறு சுவடி என்று கொள்ளுங்கள். நான்கே வகை எழுத்துகளால் ஆகிய அச்சுவடியின் மொத்த நீளம் ஏறத்தாழ 13,500 எழுத்துகள்.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். படியெடுப்போன் கண் அயர்ந்தால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் பொருள் மாறும். 'பறவை' என்று எழுத வேண்டிய இடத்தில் வல்லின றகரம் இடையின ரகரமாகி விட்டால் 'பரவை' ஆகின்றது. வானில் பறப்பது கடலாகி விடுகின்றது! நச்சுயிரியின் சுவடியிலும் இதுவே நிகழ்கின்றது. நம் உடலின் உயிரணுக்கள் தம் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது பிழைதிருத்தும் ஏற்பாடு ஒன்று உடன் இயங்குகின்றது. இந்நச்சுயிரிக்கோ அத்தகைய பிழைதிருத்துநர் இல்லை. ஏறத்தாழ ஒரு படிக்கு ஒரு பிழை என்னும் அளவில் அது பிழைபட எழுதிக்கொண்டே செல்கின்றது. இப்பிழைகளையே மரபுத் திரிபு என்கின்றோம்.

அத்திரிபுகளுள் பெரும்பாலானவை நச்சுயிரிக்கே கேடாக முடிகின்றன. அல்லது யாதொரு பயனுமின்றிப் போகின்றன. எப்பொழுதோ ஒன்று, புதிய இடத்தில் பிழைத்திருக்க உதவுகின்றது. உதவிய படி பெருகுகின்றது; உதவாத படி அழிகின்றது. நச்சுயிரிக்கு எண்ணமுமில்லை, சூழ்ச்சியுமில்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. எத்துணை முறை படியெடுக்கின்றதோ அத்துணை வாய்ப்பு.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே உயிரணுவுக்குள் இருவேறு இன்புளுயன்சா நச்சுயிரிகள் ஒரே நேரத்தில் புகுந்தால், இரண்டு சுவடிகளின் ஓலைகளும் கலந்து விடுகின்றன. இதில் மூன்று, அதில் ஐந்து எனக் கோத்துக் கொண்டு புதுச்சுவடி ஒன்று வெளிவரலாம். 1957ஆம் ஆண்டின் உலகக் கொள்ளைநோய் அவ்வாறு மூன்று ஓலைகளைப் பறவை நச்சுயிரியிடமிருந்து பெற்றது. 1968ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இரண்டு ஓலைகளைப் பெற்றது. ஒவ்வொன்றிலும் மாண்டோர் தொகை ஏறத்தாழப் பத்து இலக்கம் என்பது கணிப்பு.

மாந்தனைக் காக்கும் பூட்டுகள்

பறவையின் நச்சுயிரி மாந்தனிடம் வந்து பெருகிப் பரவ முடியாமல் தடுக்கும் பூட்டுகள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானவற்றைச் சொல்கின்றேன்.

முதற்பூட்டு, வாயிற்பூட்டு. உயிரணுக்களின் மேல் சியாலிக் காடி என்னும் சருக்கரைப் பொருள் உள்ளது. ஒட்டுப்புரதம் பற்றிக்கொள்ளும் கொம்பு அதுதான். பறவைகளின் குடலில் அஃது ஒருவகையாக இணைந்து நிற்கின்றது. மாந்தனின் மூக்கிலும் தொண்டையிலும் வேறொரு வகையாக இணைந்து நிற்கின்றது. முன்னதை இரண்டு-மூன்று இணைப்பு என்றும், பின்னதை இரண்டு-ஆறு இணைப்பு என்றும் அறிவியலார் குறிப்பர். பறவை இணைப்பைப் பற்றப் பழகிய ஒட்டுப்புரதம் மாந்தனின் தொண்டையில் பிடிப்பின்றி வழுக்கி விடுகின்றது. ஆயினும், மாந்தனின் நுரையீரலின் அடியாழத்தில் பறவைவகை இணைப்பும் உண்டு என்பதை 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். பறவைக் காய்ச்சல் தொற்றியவருள் பலர் கடுமையான நுரையீரல் அழற்சியால் இறந்தும், அவர்களிடமிருந்து பிறர்க்கு நோய் எளிதில் பரவாமைக்கு இஃது ஒரு கரணியம். ஆழத்தில் இருப்பது கொல்லும். தும்மலில் எளிதாக வெளிவராது.

இப்பூட்டைத் திறக்க எத்துணைத் திரிபு வேண்டும்? புரதம் என்பது அமினோக் காடி என்னும் மணிகள் கோத்த மாலை. பாடநூல்கள் அமினோ அமிலம் என்று வழங்குவதும் இதுவே. 1957, 1968ஆம் ஆண்டுகளின் நச்சுயிரிகளில் ஒட்டுப்புரதத்தின் 226ஆம் மணியும் 228ஆம் மணியும் மாறியிருந்தன. அவ்விரு மணிகளே பறவைக் கொம்பை விட்டு மாந்தக் கொம்பைப் பற்றச் செய்தன. ஐந்து கோடிப் பேர் வரை மாய்ந்ததாகக் கணிக்கப்படும் 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில், நம் துணைக்கண்டத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நச்சுயிரியில் மாறியிருந்தவை 190ஆம் மணியும் 225ஆம் மணியும். அக்காலத்தில் மாண்டவர்களின் நச்சுயிரியை எவ்வாறு படித்தனர் என்று கேட்பீர்கள். மருத்துவமனைகளில் காக்கப்பட்ட பழைய உடற்கூறுகளிலிருந்தும், அலாசுக்காவின் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டு அழுகாதிருந்த ஓர் உடலிலிருந்தும் சிறுசிறு துணுக்குகளைத் திரட்டிப் படித்தனர். அமெரிக்க ஆய்வாளர் செப்ரி தாபன்பர்கர் குழுவினர் 2005ஆம் ஆண்டில் எட்டு ஓலைகளையும் படித்து முடித்தனர்.

இரண்டாம் பூட்டு, படியெடுக்கும் பொறியில் உள்ளது. உள்ளே புகுந்தாலும் பெருக வேண்டுமே! பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. மாந்தனின் மூக்குப் பகுதியோ 33 பாகை அளவே. வெப்பத்தில் இயங்கிய பொறி குளிரில் தளர்கின்றது. அன்றியும், அப்பொறி உயிரணுவில் உள்ள ஏ.என்.பி.32ஏ என்னும் புரதத்தின் துணையின்றி இயங்காது. பறவையின் அப்புரதம் மாந்தனுடையதைக் காட்டிலும் 33 மணிகள் நீளமானது. நீண்ட பிடியில் பழகிய கை குட்டைப் பிடியில் தடுமாறுவது போல், பறவை நச்சுயிரியின் பொறி மாந்த உயிரணுவில் தடுமாறுகின்றது. இதனை 2016ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் வெண்டி பார்க்ளே குழுவினர் வெளிப்படுத்தினர். இத்தடுமாற்றத்தைப் போக்கும் திரிபு மிகச் சிறியது. பொறியின் ஒரு பகுதியாகிய பி.பி.2 என்னும் புரதத்தில் 627ஆம் மணி குளூட்டாமிக் காடியாக இருப்பது இலைசீனாக மாறினால் போதும். மரபுச் சுவடியில் அதற்கு வேண்டிய மாற்றம் ஒரே ஓர் எழுத்து!

ஒட்டுப்புரதம் போதிய உறுதியோடு இருந்து, காற்றில் மிதக்கும் நுண்துளியில் சிதையாமல் நிற்றல் வேண்டும் என்பது மூன்றாம் பூட்டு. நம் உயிரணுக்களுக்குள் காவல் நிற்கும் எம்.எக்சு.ஏ. முதலிய காப்புப் புரதங்களைத் தப்பிச் செல்லல் வேண்டும் என்பது நான்காம் பூட்டு. இந்நான்கும் ஒருசேரத் திறந்தால் அன்றி உலகக் கொள்ளைநோய் தோன்றாது. ஒன்றிரண்டு திறந்த செய்திகளோ பலமுறை வந்துள்ளன.

ஒவ்வொரு திரிபும் எங்கோ தோன்றியுள்ளது

1996ஆம் ஆண்டில் தென்சீனத்தின் குவாங்தோங்கு மாநிலத்தில் ஒரு பெருவாத்தில் கண்டறியப்பட்டது எச்5என்1. 1997ஆம் ஆண்டில் ஆங்காங்கில் அது 18 பேரைத் தொற்றியது. அவர்களுள் அறுவர் மாண்டனர். அவ்வாண்டு இறுதியில் ஆங்காங்கு அரசு பதின்மூன்று இலக்கத்துக்கும் மேற்பட்ட கோழி முதலிய பறவைகளைச் சில நாள்களில் அழித்தது. அந்த வடிவ நச்சுயிரி அத்துடன் மறைந்தது. ஆனால் அதன் கால்வழி சீனத்தில் எஞ்சி நின்று மீண்டும் கிளைத்தது.

2003ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் எச்7என்7 என்னும் வேறொரு வகை கோழிப் பண்ணைகளில் பரவியது. 89 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கண்ணழற்சியே வந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் மட்டும் உயிரிழந்தார். அவர் உடலில் இருந்த நச்சுயிரியில் நாம் முன்னர்க் கண்ட 627ஆம் மணி மாறியிருந்தது. 2005ஆம் ஆண்டில் சீனத்தின் சிங்காய் ஏரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் மாண்டன. அங்குக் கண்ட எச்5என்1இலும் அதே மாற்றம் இருந்தது. அம்மாற்றத்தோடு அது ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பறந்து சென்றது. ஆயினும் மாந்தரிடையே பரவவில்லை. ஒரு பூட்டு திறந்தால் கதவு திறவாது என்பதற்கு இது சான்று.

எத்துணைப் பூட்டுகள் திறந்தால் கதவு திறக்கும்? நெதர்லாந்தில் இரான் பூசியே குழுவினரும், அமெரிக்காவில் யோசிகிரோ கவாவோக்கா குழுவினரும் தனித்தனியே இதனை ஆய்ந்தனர். கீரியைப் போன்ற தோற்றமுடைய பெரெட்டு என்னும் சிறு விலங்கு, இன்புளுயன்சா பரவுவதில் மாந்தனை ஒத்தது. நான்கைந்து மணிகள் மாறினால் எச்5 ஒட்டுப்புரதம் உடைய நச்சுயிரி ஒரு பெரெட்டிலிருந்து மற்றொரு பெரெட்டுக்குக் காற்று வழியே செல்லும் என்று இருசாராரும் கண்டனர். இம்முடிவுகளை முழுமையாக வெளியிடக் கூடாது என்று 2011 திசம்பரில் அமெரிக்க அரசின் அறிவுரைக் குழு கூறியது. கொடியோர் கையில் கிட்டிவிடும் என்றது ஒரு பக்கம். காவல் காப்போர்க்கு எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும் என்றது மறுபக்கம். நெடிய வழக்காடலுக்குப் பின் 2012ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. இத்தகைய ஆய்வு எவ்வளவு காவலோடு நடைபெற வேண்டும் என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை.

2013ஆம் ஆண்டில் சீனத்தில் எச்7என்9 தோன்றியது. அதன் பெரும்பாலான வடிவங்களில் 226ஆம் மணி முன்பே மாறியிருந்தது. மாந்தரிடமிருந்து எடுத்தவற்றுள் பலவற்றில் 627ஆம் மணியும் மாறியிருந்தது. ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தொற்றுண்டு, அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியும், 2017ஆம் ஆண்டு முதல் கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டும் அதனை அடக்கினர்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டின் பால்மடியில் பறவைவகை இணைப்பும் மாந்தவகை இணைப்பும் ஒருங்கே உள்ளன என்று ஆய்வாளர் கண்டனர். 2024, 2025ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ எழுபது பேர் தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் மாட்டுப் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் உழைத்தவர். 2024 திசம்பரில் அமெரிக்காவின் இசுகிரிப்சு ஆய்வு நிறுவனத்தார் மற்றொன்றைக் காட்டினர். மாட்டில் பரவிய எச்5என்1 வழியில் வந்த ஒட்டுப்புரதம் மாந்தக் கொம்பைப் பற்றுதற்கு 226ஆம் மணி ஒன்று மாறினாலே போதும் என்பதே அது. இரண்டு வேண்டும் என்று எண்ணியிருந்த இடத்தில் ஒன்றே போதும் என்றாயிற்று. அவர்கள் ஆய்ந்தது புரதத்தை மட்டுமே. உயிருள்ள நச்சுயிரியை அன்று. பற்றுவது வேறு, பரவுவது வேறு என்பதை மறத்தலாகாது.

2003ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட எச்5என்1 மாந்தத் தொற்றுகள் ஏறத்தாழ 990. மாண்டோர் ஏறத்தாழப் பாதிப்பேர். உலக மக்கள் தொகையை நோக்க இத்தொகை சிறிது. ஆனால் அத்தொள்ளாயிரத்துத் தொண்ணூறு உடல்களும் நச்சுயிரி மாந்தனைப் பயின்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பள்ளிக்கூடங்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! திரிபைத் தடுக்க நம்மால் ஏலாது. பிழைபட எழுதுவது அதன் இயல்பு. பயிலும் பள்ளிகளின் தொகையைக் குறைக்க நம்மால் ஏலும். பண்ணையில் தடுக்கப்படும் ஒவ்வொரு தொற்றும், நச்சுயிரிக்கு மறுக்கப்பட்ட கோடிக்கணக்கான படியெடுப்பு.

அறிவு யாருடையது?

இங்கே உரிமைச் சிக்கல் ஒன்று எழுகின்றது. இந்தோனேசியா எச்5என்1இனால் மிகுதியாகத் தாக்குண்ட நாடுகளுள் ஒன்று. தன் மக்களின் உடலிலிருந்து எடுத்த நச்சுயிரிப் படிகளை உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு அது அனுப்பி வந்தது. அப்படியைக் கொண்டு ஆத்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி செய்வது தெரியவந்தது. நோயைத் தந்தவன் ஏழை. மருந்தை விற்பவன் செல்வன். விற்கும் விலையோ நோயைத் தந்தவனுக்கு எட்டாதது! அந்நாட்டு நலவாழ்வு அமைச்சர் சிதி பதிலா சுபாரி, நச்சுயிரிப் படிகளை இனி அனுப்ப இயலாது என்று மறுத்தார். உலகமே அவரைக் கடிந்தது. படிகளை மறைத்தால் திரிபுகளைக் கண்காணிக்க இயலாது என்பது உண்மைதான். ஆனால் அவர் எழுப்பிய வினாவும் உண்மை. நான்காண்டுப் பேச்சுக்குப் பின் 2011 மே திங்களில் உலக நலவாழ்வுப் பேரவை ஒரு சட்டகத்தை ஏற்றது. படிகளைப் பகிர்வது நாடுகளின் கடமை. அவற்றால் விளையும் தடுப்பூசியிலும் பயனிலும் பங்கு தருவது நிறுவனங்களின் கடமை என்பது அதன் உட்பொருள். ஒரு சிறிய குரல் தன் உரிமையைத் தளராது கேட்டதால் விளைந்த மாற்றம் அது.

படிக்கு உரிமை கேட்டது இந்தோனேசியா. அறிவுக்கு உரிமை கேட்க வேண்டியவர்கள் நாம்.

நம் கடமை

இந்நோய் நமக்குத் தொலைவானதன்று. 2006 பிப்பிரவரியில் மராட்டியத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதற்பரவல் நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள குட்டநாட்டு வாத்துகளை எச்5என்1 அழித்தது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தில் இரண்டு அகவைக் குழந்தை ஒன்று இத்தொற்றால் மாண்டது. நம் நாமக்கல் வட்டாரமோ முட்டை ஆக்கத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே நாள்தோறும் கூண்டு கழுவுவோரும், முட்டை பொறுக்குவோரும், இறந்த கோழிகளை அகற்றுவோரும் எம்மொழியில் எண்ணுகின்றனர்? தமிழில் எண்ணுகின்றவர்க்கு 'ஏவியன் இன்புளுயன்சா' என்று எழுதிய தட்டி என்ன சொல்லும்? 'பறவைக் காய்ச்சல், இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதே' என்று எழுதினால் சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை மிகச் சிலவே. பறவைகள் திடுமெனக் கூட்டமாக இறந்தால் அன்றே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். நோயுற்ற கோழியை மறைத்து விற்றலும், அறுத்து உண்ணலும் ஆகா. கையுறையும் மூக்குமூடியும் இன்றி அவற்றைத் தொடலாகாது. பறவைகளோடு பழகியவர்க்குக் காய்ச்சலோ கண்சிவப்போ வந்தால், பறவைகளோடு பழகியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நன்கு வெந்த இறைச்சியாலும் முட்டையாலும், காய்ச்சிய பாலாலும் இந்நோய் வாராது. ஆகவே வீண் அச்சமும் வேண்டா.

அரசினரிடம் நாம் கேட்பனவும் உள்ளன. நோயுற்ற பறவைகளை அழிக்கும்போது உரிய இழப்பீட்டை உடனே தருக. இழப்புக்கு அஞ்சும் உழவன் நோயை மறைப்பான். மறைத்த இடத்தில் நச்சுயிரி பயிலும். பண்ணையாளுக்குக் கையுறை வாங்கித் தருவதைப் பண்ணையுடையோரின் கடமையாக்குக. பறவையிடமும் மாந்தரிடமும் காணும் நச்சுயிரியின் எழுத்து வரிசையைக் காலந்தாழ்த்தாது வெளியிடுக. கால்நடை மருத்துவத்தையும் மாந்த மருத்துவத்தையும் தமிழில் கற்பிக்குக. தமிழில் கற்ற மருத்துவனே தமிழில் விளக்குவான்.

இளைஞர்களே! தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. இந்த ஒரு மணி நேரத்தில் ஒட்டுப்புரதம் என்றும், மரபுத் திரிபு என்றும், படியெடுப்பு என்றும் சொல்லி வந்தோம். நீங்கள் எவரும் விளங்கவில்லை என்று எழுந்து போகவில்லை. மொழிக்கு ஆற்றலில்லை என்பது பொய். அதனைக் கையாள்வார்க்கு மனமில்லை என்பதே மெய். உங்களுள் பத்துப் பேர் இந்தச் செய்தியைக் கற்றுத் தம் ஊர்ப் பண்ணைக்குச் சென்று, அங்குள்ளோர்க்கு அவர்தம் மொழியில் எடுத்துச் சொல்வீர்களாயின், அதுவே நான் இங்கு வந்ததன் பயன்.

நச்சுயிரி ஓரெழுத்தைத் திரித்துத் தன் வழியைத் தேடுகின்றது. நாம் அவ்வெழுத்தை நம் மொழியில் படித்து அதன் வழியை அடைப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!